கல்லு மட்டும் எடுத்தா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை வந்த பாராதைராய்டு ஆபரேஷன் கட்டுரையை எங்கம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சு காட்டினேன். அவங்களுக்கு மூணு தடவை கிட்னில கல்லு வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் கல்லை எடுத்துட்டு தண்ணி நிறைய குடிங்கன்னு அனுப்பிட்டாங்க, கழுத்துல அரிசி சைஸ்ல இருக்கற பாராதைராய்டுங்கற நாலு சுரப்பிதான் ரத்தத்துல கால்சியத்தை கன்ட்ரோல் பண்ணுது, அது கெட்டா கால்சியம் ஏறி கல்லு வரலாம்னு யாருமே சொல்லல, எத்தனை வருஷம் வீணா போச்சு. கட்டுரைல ஒண்ணு விட்டுப்போச்சுங்க. சில குடும்பத்துல இந்த பாராதைராய்டு கோளாறு பரம்பரையா வரும். மென்1னு ஒரு ஜீன், 11வது குரோமோசோம்ல இருக்கு, 1997ல அமெரிக்காவுல சந்திரசேகரப்பா, பிரான்சிஸ் காலின்ஸ் எல்லாம் இருந்த டீம் அதை கண்டுபிடிச்சாங்க. அப்பா அம்மால ஒருத்தருக்கு அந்த ஜீன்ல கோளாறு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்கு பாதி சான்ஸ், கணையத்துலயும் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பிலயும் கூட கட்டி வரலாம், நாலு பாராதைராய்டு சுரப்பியும் கெட்டுப்போறதால சர்ஜன் பெரும்பாலும் மூணரை சுரப்பிய எடுக்க வேண்டியிருக்கும். அதனால சின்ன வயசுலயே இது வந்தவங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே ஜீன் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேக்கணும்னு அடுத்த வாரமாவது போடுங்க ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை