உடம்பை ஏத்த நினைக்கும் பிள்ளைகளும் வீட்டுச் சாப்பாடும்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

தரம் 9 முதல் உயர்தரம் வரை படிக்கும் நம் பையன்கள் பலர் இப்போது உடம்பை ஏத்துவதில் மும்முரமாக இருக்கிறார்கள். இடைவேளையில் கையை மடக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் இரண்டு பெயின்ட் வாளியில் சீமெந்தைக் குழைத்து ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகிப் பாரம் தூக்குகிறார்கள். இது நல்ல ஆசை. தயவுசெய்து திட்டி அடக்கிவிடாதீர்கள். ஆனால் இந்த ஆசையோடு சேர்ந்து வேறொரு சாமானும் ஊருக்குள் வந்துவிட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவனின் பையில் லஞ்ச் ஷீட்டில் மடித்த வெள்ளைப் புரதப் பவுடர் இருந்தது. லேபிள் இல்லை, திகதி இல்லை, என்ன கலந்தது என்றும் இல்லை. டவுனில் யாரோ பெரிய டின்னை உடைத்துச் சில்லறையாக நிறுத்து விற்கிறாராம். நான்கைந்து பிள்ளைகள் சாப்பாட்டுக்கு நீங்கள் கொடுத்த காசைச் சேர்த்து அதை வாங்கியிருக்கிறார்கள். இன்னும் சில வீடுகளில் பிள்ளை அழுது அடம்பிடித்ததால் அப்பாவோ, கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ முழு டின்னையே வாங்கிக் கொடுத்திருப்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒரு டின்னுக்கு மலையில் எத்தனை நாள் பெயர் போட்டு வேலை செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தப் பவுடர் ஒரு கரண்டியில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். நான்கு முட்டையில் இருப்பதும் அவ்வளவுதான். 50 கிலோ நிறையுள்ள, ஒழுங்காகப் பயிற்சி செய்கிற பையனுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் வரை புரதம் போதும். அதை வீட்டுச் சாப்பாட்டிலேயே எடுக்கலாம். இரண்டு முட்டையில் 12 கிராம். 75 கிராம் பருப்பைக் கொஞ்சம் கெட்டியாக வேகவைத்தால் 18 கிராம். ஒரு கைப்பிடி கடலையோ கௌபியோ ஊறவைத்து அவித்தால் 10 கிராம். ஒரு கப் பாலில் 6 கிராம். அன்றாடம் தின்னும் ரொட்டியிலும் சோற்றிலும் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முட்டை வாங்க முடியாத நாளில் நெத்தலிக் கருவாடு இருக்கிறது. காய்ந்த சோயா மீட்டின் நிறையில் ஏறத்தாழ பாதி புரதம்தான். கூட வரும் மசாலாப் பைக்கற்றில் உப்பு அதிகம், அதை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

பருப்பைப் பற்றி இன்னொரு வார்த்தை. பல வீடுகளில் அது தண்ணீர்க் குழம்பாகத்தான் வருகிறது. ரொட்டியைத் தொட்டுத் தின்ன அது காணும், வளரும் பிள்ளைக்குக் காணாது.

புரதத்துக்கு முன்னால் வயிறு நிறைய வேண்டும். காலையில் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மலைப் பாதையில் ஏறி இறங்கிப் பாடசாலைக்கு வந்து, மாலையில் தண்டாலும் எடுத்தால் உடம்பு எதைக் கொண்டு தசை கட்டும்? சாப்பாடு போதாவிட்டால் தின்ற புரதத்தையே எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். விடியற்காலையில் எழுந்து பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) ஓடும் அம்மாமாரிடம் விதவிதமாகச் சமைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ராத்திரி அவித்த கடலையில் ஒரு பங்கை எடுத்து வைத்து, காலையில் ரொட்டியோடு கொடுத்து அனுப்புங்கள். அதுவே பெரிய காரியம்.

மாடு வைத்திருக்கும் வீட்டாருக்குத் தனியாகச் சொல்கிறேன். காலையில் கறந்த பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் காசு வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று அறிவேன். அப்படியிருந்தும் பிள்ளைக்கு ஒரு கப் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றுங்கள். மாட்டை வீட்டில் கட்டிக்கொண்டு பிள்ளைக்குப் பால் இல்லை என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அப்புறம், தேத்தண்ணி. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால், அல்லது சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் தின்றால் அந்தச் சத்து கூடுதலாகச் சேரும். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். நம் வலைப்பந்து, கரப்பந்து அணிப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், அவர்களுக்கும் தசை வேண்டும். வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது தம்பிக்கு என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதிப் பாதியாகவாவது கொடுங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். பாரம் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறீர்கள். அளவான பாரத்தை, பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, முறையாகத் தூக்கினால் அப்படி ஆகாது. தூக்க முடியாததை முதுகை வளைத்து இழுப்பதுதான் ஆபத்து. அந்த சீமெந்து வாளிகள் இரண்டும் ஒரே நிறையில்கூட இருப்பதில்லை, குழாயிலிருந்து கழன்று காலில் விழவும் கூடும். அவற்றை அப்புறப்படுத்துங்கள். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரி 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழும்புவது), கம்பியில் தொங்கி ஏறுவது, இவையே தொடக்கத்துக்குத் தாராளம். தசை வளர்வது ஓய்வில்தான். அதனால் இன்று வேலை வாங்கிய இடத்துக்கு நாளை ஓய்வு வேண்டும். இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும். பத்து மணிக்கு மேல் ஃபோனை வாங்கி வையுங்கள்.

சிலருக்கு 13 வயதிலேயே மீசை அரும்பி உடம்பு திரள்கிறது, சிலருக்கு 16 ஆகிறது. உயரம் வேகமாகக் கூடும் காலம் முடிந்த பிறகுதான் தசை நன்றாகப் பிடிக்கும். பிந்தி வளரும் பையன்தான் மனம் உடைந்து பவுடரைத் தேடிப் போகிறான். அவனை அண்ணன் தம்பியோடு ஒப்பிட்டு "எலும்பன்" என்று கூப்பிடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

பவுடரைவிட எனக்குப் பயம் ஊசியிலும் மாத்திரையிலும்தான். ஸ்டீராய்டு வகை மருந்துகள் வளரும் எலும்பின் நுனியை முன்கூட்டியே மூடிவிடும். அப்புறம் உயரம் கூடாது. ஈரல் கெடும், விதை சுருங்கும், பையன்களுக்கு மார்பு பெருக்கும், காரணமில்லாத கோபம் வரும். விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்க 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. பெயர் தெரியாத மாத்திரை எதையாவது பிள்ளையின் பையில் கண்டால் அடிக்காதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம். எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வாருங்கள். பிள்ளையின் பெயர் அலுவலக அறையை விட்டு வெளியே போகாது.

அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய், வியாழன் பின்னேரம் 2 மணி முதல் 3 மணி வரை உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் பயிற்சி கொடுப்பார். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வரலாம். கன்டீனில் ரோல்ஸுக்குப் பதிலாக அவித்த கடலையும் முட்டையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூச்சு இழுப்பு, இருதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுதச் சிரமப்படுபவர்கள் நேரில் வந்து சொன்னாலும் சரி, நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அதிபர்