பவளத்திட்டு வாய்களில் பாசிவ் ராடார்: மொரீஷியஸ் கடலோரக் காவல்படைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பவளத்திட்டின் இடைவெளிகள் வழியே இரவில் விளக்கும், இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும் இல்லாமல் போய்வரும் பிரோக்குகளை (சிறு மீன்பிடிப் படகுகளை) கண்டறிய, தானாக எதையும் ஒலிபரப்பாத ராடார் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டுகிறோம். ஐரோப்பாவின் கலிலியோ, அமெரிக்காவின் ஜிபிஎஸ் ஆகிய வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் அலைகள் எந்நேரமும் கடல்மேல் விழுகின்றன. அவை படகில் பட்டுத் தெறிப்பதைப் பிடித்தால் போதும்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ சரக்குக் கப்பல் நம் பவளத்திட்டில் தரைதட்டியதைக் காட்டி இதை விற்க யாரும் வந்தால் நம்ப வேண்டாம். பெரிய கப்பலையே இது சில கிலோமீட்டருக்குள்தான் காட்டும். 11 நாட் வேகத்தில் வரும் கப்பல் 5 கிலோமீட்டரை ஏறத்தாழ 15 நிமிடத்தில் கடந்துவிடும். சிறு படகுக்கு எட்டும் தூரம் இன்னும் குறைவு. குறுகலான திட்டு வாய்க்குத்தான் இது பொருந்தும்.

இரண்டு ஆன்டெனாக்கள் வேண்டும். வானை நோக்கியது, செயற்கைக்கோள் அலைகள் வலமாகச் சுழன்று வருவதால், வலச்சுழல் வகை. கடலை நோக்கியது இடச்சுழல் வகை, ஏனென்றால் தெறிக்கும்போது சுழற்சி பெரும்பாலும் மாறிவிடும். இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடும் ஒரே ரிசீவரில் சேர வேண்டும். தனித்தனி மலிவு எஸ்டிஆர் டாங்கிள்களில் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்களில்) அலைக்கட்டம் (ஃபேஸ்) நழுவும்; அவற்றின் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமும் போதாது. ஜிபிஎஸ்ஸின் பொதுப் பயன்பாட்டுக் குறியீடான சி/ஏ-வில் தூரத்தைப் பிரித்தறியும் தூரக்கட்டம் 293 மீட்டர். 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் கலிலியோவின் ஈ5ஏ சிக்னலில் அது 29 மீட்டர். ஆகவே ஈ5ஏ-வையே எடுங்கள். நொடிக்கு 2 கோடி மாதிரி, 8 பிட் ஐ-க்யூ (ஒரு மாதிரிக்கு இரண்டு எண்கள்), இரண்டு சேனல் என்றால் நிமிடத்துக்கு 4.8 ஜிபி பதிவாகும். டிஸ்க்கை அதற்கேற்ப வாங்க வேண்டும்.

நேரடி சிக்னலே இரைச்சலுக்கு அடியில் புதைந்திருக்கிறது. எதிரொலி அதனினும் மெலிது. வான் சேனலில் தாமதம், டாப்ளர் (நகர்வால் அலைவெண்ணில் வரும் மாற்றம்), அலைக்கட்டம், தரவு பிட்டுகள் ஆகியவற்றைப் பின்தொடர்ந்து, இரைச்சலற்ற நகல் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு மில்லிநொடிக்கும் கடல் சேனலோடு ஒப்பிட வேண்டும். அலைக்கட்டம் பிசகாமல் 3 நொடி கூட்டினால், ஒரு மில்லிநொடியைவிடச் சுமார் 35 டெசிபெல் ஆதாயம் கிடைக்கும். மேலும் நீட்டினால் கெடும்: நொடிக்கு 10 மீட்டர் விரையும் படகு 3 நொடியில் ஒரு தூரக்கட்டத்தைத் தாண்டிவிடும், ஒரு நிமிடத்தில் 20 தூரக்கட்டங்களில் சிதறிவிடும். எனவே 3 நொடித் துண்டுகளாகப் பிரித்து, பல வேகங்களை ஊகித்து ஒவ்வொரு துண்டையும் நகர்த்தி, திறனை மட்டும் கூட்ட வேண்டும். சரியான வேகத்தில்தான் புள்ளி குவியும். கணினியின் பளு முழுக்க இந்தத் தேடலில்தான்.

ஒரு செயற்கைக்கோள், படகு இருக்கக்கூடிய ஒரு நீள்வட்டத்தை மட்டுமே தரும். மூன்று நான்கு சேர்ந்தால்தான் படகின் இடம் புலப்படும். நிலப்பக்கம், அதாவது கடல் ஆன்டெனாவின் முதுகுப்புறம் நிற்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் நிற்பவற்றின் நேரடி சிக்னல் எதிரொலியை மூழ்கடிக்கும்.

நங்கூரமிட்ட படகு தெரியாது: டாப்ளர் இல்லாததால் கரையின் எதிரொலியோடு கலந்துவிடும். திட்டில் உடையும் அலைகளோ நகர்வதால் பொய்ப்புள்ளிகளாக வரும். பிளெசான்ஸ் விமான நிலையத்தருகே கூடுதல் கவனம் தேவை. விமானங்களுக்குத் தூரம் அறிய உதவும் டிஎம்இ தரைநிலையங்களின் துடிப்புகள் இதே அலைவரிசைப் பகுதியில் இருப்பதால், முதலில் ஸ்பெக்ட்ரம் பார்த்து, துடிப்பு வரும் நொடித்துளிகளை வெட்டிவிடுங்கள்.

சோதனைக்கு, ஜிபிஎஸ் பதிவி பொருத்திய ஒரு பிரோக்கை 500 மீட்டர், 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் தூரங்களில் திட்டு வாயின் குறுக்கே ஓட்டுங்கள். அமைதியான நாளிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலக்கும் நாளிலும் இதைச் செய்யுங்கள். எத்தனை முறை கண்டது என்பதோடு, மணிக்கு எத்தனை பொய்ப்புள்ளி வந்தது என்பதையும் அறிக்கையில் கேளுங்கள். மூலப் பதிவுகளை அழிக்க வேண்டாம். கணக்கீட்டு முறையை மாற்றும்போது அதே பதிவில் திரும்பச் சோதிக்கலாம்.

இப்படிக்கு,
வானலைத் துறையில் பணிபுரியும் மொரீஷியஸ் தமிழர்கள்