உயரம் பார்த்து ஸ்கேட்போர்டு வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் கோடை விடுமுறை இணைப்பில், பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஸ்கேட்போர்டுக்கும் ஒரு சின்ன அட்டவணை இருந்தது. பிள்ளை இத்தனை அடி உயரம் என்றால் இந்தப் பலகை, அவ்வளவுதான். தங்கச்சிமடத்தில் இருபது வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் நான். சைக்கிளுக்கு அந்தக் கணக்கு சரி, கால் தரையில் எட்ட வேண்டும், மிச்சத்துக்கு சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஸ்கேட்போர்டில் ஏற்றி இறக்க ஒன்றும் கிடையாது. ஒரு நல்ல பலகையை என் கையாலேயே கெடுத்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது, அதனால் எழுதுகிறேன்.

என் மச்சினன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். என் மகளுக்குப் பதினோரு வயதானபோது, தாய்மாமன் சீர் என்று சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு ஸ்கேட்போர்டைக் கொடுத்து அனுப்பினான். கொலுசு வரும் என்று காத்திருந்த என் மாமியார், இது என்ன மீன் வெட்டுற பலகையா என்று கேட்டார். பலகையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஏழு அடுக்கு மேப்பிள் மரம், நல்ல சாமான். அகலம் மட்டும் எட்டரை அங்குலம். "வளர்ற பிள்ளைதானக்கா, ரெண்டு மூணு வருஷம் தாங்கட்டுமேன்னு பெருசா வாங்கினேன்" என்று போனில் அக்காவிடம் சொன்னான். பள்ளிக்கூடச் சீருடை எடுக்கிற அதே புத்தி. நாங்களும் சரிதான் என்றோம்.

எங்கள் பக்கத்தில் புயல் பாதுகாப்பு மையத்துக்கு முன்னால் கொஞ்சம் சிமென்ட் தரை உண்டு. சாயங்காலம் அங்கேதான் ஓட்டுவாள். நேராகத் தள்ளிக்கொண்டு போவது வந்துவிட்டது, திரும்புவதுதான் வரவில்லை. பலகை அது பாட்டுக்கு நேராகப் போகும், இவள் குதித்து இறங்கி, கையால் திருப்பி வைத்து, மறுபடி ஏறுவாள். வால் பக்கத்தை மிதித்து எம்புகிற ஆலி இருக்கிறதே, அதை ரெண்டு மாதம் முயற்சி பண்ணினாள், பலகை எழும்பவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா, பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று ஆரம்பித்தார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டை முதல்முதலாகச் சேர்த்தார்கள். அதில் பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கிய மொமிஜி நிஷியாவுக்கு வயது 13, வெள்ளி வாங்கிய ரெய்ஸா லியாலுக்கும் 13, வெண்கலம் வாங்கிய பிள்ளைக்கு 16. இதை ஒருநாள் டீக்கடையில் சத்தமாகச் சொன்னேன். வாய் கொஞ்சம் அடங்கியது, ஆனால் என் மகளுக்கு ஆலி வரவில்லை.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன், குந்துகால் பக்கம் கடலில் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பலகை ஓட்ட வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, சைக்கிளுக்குக் காற்றடிக்க என் கடைக்கு வந்தபோது கையில் ஒரு ஸ்கேட்போர்டு வைத்திருந்தாள். ஏழரை அங்குலம். என் மகள் அதை வாங்கி ஏறினாள், ஏறின கையோடு வளைந்து திரும்பினாள். நான் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபை அப்படியே தொட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி டேப்பை எடுத்து அளந்தேன். பிள்ளையின் பாதம் 22 செ.மீ. மச்சினன் அனுப்பிய பலகையின் அகலம் 21.6 செ.மீ. ஸ்கேட்போர்டில் நிற்கிறவர்கள் பாதத்தைப் பலகைக்குக் குறுக்காக வைப்பார்கள், அதிலும் முன்கால் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அப்படி வைத்தால் அவளுடைய கால்விரலும் குதிகாலும் பலகையின் ரெண்டு ஓரத்துக்கும் எட்டவில்லை. இந்த வண்டிக்கு ஹேண்டில்பார் கிடையாது. விரல் பக்கம் அழுத்தினால் ஒரு பக்கம் சாயும், குதிகாலை அழுத்தினால் மறுபக்கம் சாயும், அடியில் சக்கரங்களைப் பிடித்திருக்கிற அச்சுச் சட்டம், ட்ரக் என்பார்கள், அந்தச் சாய்வைத் திருப்பமாக மாற்றும். ஓரத்தை மிதிக்க முடியாதவன் எப்படித் திருப்புவான்? வல்லம் என்கிற நாட்டுப் படகின் நடுவில் நின்றுகொண்டு அதைச் சாய்க்கப் பார்க்கிற கதைதான்.

இங்கேதான் நான் கெடுத்தேன். பலகை பெரிது, அறுத்தால் போச்சு என்று ஏழரை அங்குலத்துக்குக் கோடு போட்டு, ரெண்டு பக்கமும் அரை அரை அங்குலம் அறுத்துவிட்டேன். அந்தப் பலகை தட்டையானது இல்லை, ஓரம் ரெண்டும் லேசாக மேலே தூக்கி நடுவில் குழிந்திருக்கும், கால் நகராமல் நிற்க அந்த வளைவும் உதவும். அறுத்ததில் அது போய்விட்டது. அடியில் இருந்த ட்ரக் பழைய அகலத்துக்கானது, அதனால் சக்கரம் ரெண்டு பக்கமும் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு, தரையைத் தள்ளுகிற கால் அதில் இடித்துக்கொண்டே இருந்தது. அறுத்த ஓரம் உப்புக் காற்றில் நனைந்து, பத்து நாளில் அடுக்கு அடுக்காகப் பிரிய ஆரம்பித்தது. "அப்பா, இது ஸ்கேட்போர்டு இல்ல, தோசைக்கரண்டி" என்றாள் மகள். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

சரி, என்ன அளவு வாங்குவது? தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது சுலபம். நம் தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். ஸ்கேட்போர்டு அகலமும் பெரும்பாலும் அதே கணக்கில்தான் வருகிறது, 7.75, 7.875, 8, 8.125, 8.25 என்று. 8.125 என்று மூன்று தசமம் போட்டுக் கம்பெனிக்காரன் பயமுறுத்துகிறான், அது எட்டு அங்குலம் ஒரு நூல், வேறொன்றும் இல்லை. இந்த ஒரு நூல், ரெண்டு நூலைக் காலில் உணர முடியும் என்று முதலில் நான் நம்பவில்லை. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஏறிச் சொல்கிறாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏழு முதல் ஏழேகால் அங்குலம் போதும். பத்துப் பன்னிரண்டு வயதில், பாதம் 22, 23 செ.மீ. ஆகும்போது ஏழரை. பெரியவர்களில் ஆறாம் நம்பர் முதல் எட்டாம் நம்பர் வரை செருப்புப் போடுகிறவர்கள் ஏழேமுக்காலுக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் எடுக்கலாம், ஒன்பதுக்கு மேலே போனால் எட்டேகால், எட்டரை. இது சட்டம் ஒன்றும் இல்லை, நான் கடையில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்த அளவில் ஒத்துவந்த கணக்கு. எந்த எண்ணாக இருந்தாலும் கடைசியில் பலகை மேல் ஏறி நிற்க வேண்டும், அதுவும் ஓட்டும்போது போடுகிற ஷூவோடு. ட்ரக்கை மாட்டியிருக்கிற ஆணி தெரிகிற இடத்தில் பாதத்தைக் குறுக்காக வைத்தால் ஒரு ஓரத்தில் விரல் நுனியும் மறு ஓரத்தில் குதிகாலும் லேசாக எட்டிப் பார்க்க வேண்டும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பாதத்தை ஒரு தாளில் வரைந்து, பலகை அகலத்துக்கு ரெண்டு கோடு போட்டு வைத்துப் பார்க்கலாம். மூன்று நிமிஷ வேலை.

அப்போ உயரத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அகலத்தில் இல்லை. முன் ட்ரக்கின் உள்பக்க ஆணித் துளைக்கும் பின் ட்ரக்கின் உள்பக்க ஆணித் துளைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை வீல்பேஸ் என்கிறார்கள். பெரியவர்கள் பலகையில் இது 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். நெட்டையானவர்கள் காலை அகட்டி நிற்பார்கள், அவர்களுக்கு அரை அங்குலம் கூட இருந்தால் சௌகரியம். இந்தத் தூரம் கூடினால் ஆட்டம் குறையும், வளைவு பெரிதாகும். குறைந்தால் சட்டென்று திரும்பும், வாலை மிதித்தால் முன்பக்கம் சுலபமாகத் தூக்கும். உங்கள் அட்டவணையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்தது, என்ன செய்யப் போகிறார்கள் என்பது. பலகையைக் காலால் சுண்டி அந்தரத்தில் உருட்டுகிற கிக்ஃபிளிப் மாதிரி வித்தை பழகுகிறவர்களுக்கு ஒடுக்கமான பலகை சீக்கிரம் சுழலும். சாய்தளத்திலும் கிண்ணம் மாதிரி குழியிலும் ஏறி இறங்குகிறவர்கள் எட்டரை, அதற்கும் மேலே எடுப்பார்கள், வேகத்தில் வந்து இறங்கும்போது காலுக்கு இடம் வேண்டும். எங்கள் ஊரில் சாய்தளமும் இல்லை, கிண்ணமும் இல்லை, மழைக்காலத்தில் தார்ச்சாலையில் விழுகிற கிண்ணம்தான் உண்டு. அதனால் அந்தப் பேச்சை விடுகிறேன்.

சும்மா காற்று வாங்கிக்கொண்டு ஓட்டவேண்டும் என்கிறவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம். அவர்களுக்கு அகலமான பலகை தப்பில்லை, நீளமான லாங்போர்டு இன்னும் நல்லது. ஆனால் சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் வருவது பெரும்பாலும் 52 மி.மீ., 99ஏ என்று போட்ட கெட்டிச் சக்கரம். வழவழப்பான சிமென்ட் தரையில் அது பறக்கும், ஜல்லி தெரிகிற சாலையில் பல் ஆடும், ஒரு சின்னக் கல் போதும் ஆளைத் தூக்கிப் போட. நம் சாலைகளுக்கு 58 மி.மீ. அளவில், 78ஏ என்று போட்ட மெத்தென்ற சக்கரம்தான் சரி. சக்கரம் பெரிதானால் திரும்பும்போது பலகையின் அடியில் உரசும், உரசினால் பிரேக் பிடித்த மாதிரி நிற்கும், ஆள் முன்னால் போவான். ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ரைசர் என்று ஒரு தடித்த ரப்பர் அட்டை வைத்தால் அது தீரும்.

ட்ரக்கின் அச்சு, முனைக்கு முனை, பலகை அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரெண்டு நூல் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. அதில் அடித்திருக்கிற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். இண்டிபெண்டன்ட் கம்பெனி ட்ரக்கில் 139 என்று இருந்தால் அது எட்டு அங்குலப் பலகைக்கு, 149 என்றால் எட்டரைக்கு. வேற கம்பெனிக்கு வேற எண். டேப்பை வைத்து அளப்பதுதான் நிச்சயம்.

அப்புறம், குட்டிப் பிள்ளைக்குக் குட்டிப் பலகை என்று நினைத்து 22 அங்குல நீளத்தில் வருகிற பிளாஸ்டிக் பலகையை வாங்கிக் கொடுக்கிறார்கள். பார்க்க அழகுதான், கலர் கலராக இருக்கும். ஆனால் கால் வைக்க இடமில்லாமல், பழகினவர்களே தடுமாறுகிற சாமான் அது. முதல் பலகையாக அதைக் கொடுத்தால் பிள்ளை ரெண்டு தடவை விழுந்து பரணில் போட்டுவிடும்.

நம் கடற்கரைக்கென்று ஒன்று சொல்ல வேண்டும், இது என் தொழிலும்கூட. ஸ்கேட்போர்டு சக்கரத்தில் இருக்கிற பால்ரஸ் 608 என்கிற எண், உள்துளை 8 மி.மீ., வெளிவட்டம் 22, அகலம் 7. சின்ன மோட்டார்களிலும் இதே எண் வருவதால் பேரிங் கடைகளில் கிடைக்கும், ஸ்கேட்போர்டு கடையைத் தேடிப் போக வேண்டாம். நாங்கள் சிறுவயதில் பால்ரஸ் வண்டி செய்து ஓட்டினோமே, அதற்குத் தம்பிதான் இது. தனுஷ்கோடி சாலை 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் திறந்ததிலிருந்து, நேரான ரோடு என்று ஆசைப்பட்டுப் பையன்கள் அங்கே பலகையைக் கொண்டுபோகிறார்கள். ரெண்டு பக்கமும் கடல், காற்று மணலைக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டும், சுற்றுலா வண்டி நிற்காமல் வரும். நான் அங்கே பிள்ளையை விடுவதில்லை. போய் வந்தவர்களின் சக்கரம் மறுவாரம் என் கடைக்கு வருகிறது, உப்பும் மணலும் சேர்ந்து இறுகிப்போய். அதில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மணலைப் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பலகையையும் ஈரத்தில் போடக் கூடாது. வாலைத் தட்டினால் டக்கென்று கேட்க வேண்டியது தொப்பென்று கேட்டால் மரம் தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் எம்பாது. படகு செய்கிற ஓடாவி ஒருவரிடம் காட்டினேன், தட்டிப் பார்த்துவிட்டு அவரும் அதையேதான் சொன்னார்.

என் மகள் இப்போது ஏழேமுக்காலில் ஓட்டுகிறாள், ஆலி வந்துவிட்டது. ஏழரையிலிருந்து மாற்றி ஆறு மாதம் ஆகிறது. தோசைக்கரண்டி கடைச் சுவரில் தொங்குகிறது, கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் அளவு சொல்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த அட்டவணையை இன்னொரு முறை போடுங்கள். உயரம் என்கிற கட்டத்தை எடுத்துவிட்டு, பாதத்தின் நீளம் செ.மீ. கணக்கில் என்று மாற்றுங்கள். மஸ்கட், சவுதி என்று வெளியே இருக்கிற மாமன்களும் சித்தப்பாக்களும் போனில் உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், விடுமுறை முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.