காலி எடையை மட்டும் பார்த்துக் கேம்பர் வாங்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய காருக்குப் பின்னால் மடிப்புக் கேம்பரை (விரித்தால் தங்கும் இடமாகிவிடும் டிரெய்லர், அதாவது இழுவை வண்டி) பூட்டிக்கொண்டு சுற்றுலா போவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கார்களுக்கு இழுவைக் கொக்கி மாட்டித் தருவதுதான் என் தொழில். கட்டுரையின் பெரும்பகுதியோடு எனக்குச் சண்டை இல்லை. மடித்து மூடிவிட்டால் இந்தக் கேம்பர் தாழ்வாக இருக்கும், அதனால் காற்றுத் தடை குறைவு, பின்னால் வரும் வண்டியும் கண்ணாடியில் தெரியும் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் கூடவே ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் காரின் இழுவைத் திறன், எதிர்ப்பக்கம் கேம்பரின் எடை. முதல் எண் பெரியதாக இருந்தால் ஜோடி சேர்த்துவிடலாமாம். இந்த ஒரு பொருத்தம் போதாது.

முதலில், கேம்பரின் எடை என்று நீங்கள் அச்சிட்டிருப்பது காலி எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பிறகு சேர்த்த ஏசி, பக்கவாட்டுப் பந்தல் எல்லாம் பெரும்பாலும் அதில் அடங்காது. 9 கிலோ கேஸ் பிடிக்கும் இரும்புச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 17 கிலோ. பேட்டரி ஏறத்தாழ 20 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் கூடுதலாக ஒரு பெரிய ஆளை ஏற்றிக்கொண்டு போகிற கணக்குதான். அப்புறம் மெத்தை, பாத்திரம், மடக்கு நாற்காலி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைக்கும் சாமான்கள். 900 கிலோ என்று வாங்கியது சாலையில் 1,200 கிலோவாக நிற்பது அபூர்வமில்லை.

"என் கார் 1,500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கே" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. இழுக்கும்தான். ஆனால் சிறிய காரில் முதலில் முடிந்துபோகும் வரம்பு அதுவல்ல, காரே சுமக்கும் பாரம். கேம்பரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்துகிறது. வட அமெரிக்காவில் இது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பார்கள். (ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பது வழக்கம். ஒரே மாடல் காருக்கு இரண்டு இடத்திலும் இரண்டு வரம்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.) 1,200 கிலோவில் 12 விழுக்காடு என்றால் 144 கிலோ. காரைப் பொறுத்தவரை அது டிக்கியில் ஏற்றிய சுமை மாதிரிதான், சுமக்கும் கணக்கில் சேரும். கார் 400 கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் 280 கிலோ, காரின் அடியில் கொக்கியைத் தாங்கும் கொக்கிச் சட்டம் 20 கிலோ, மேலே சொன்ன 144. ஆக 444 கிலோ. டிக்கியில் இன்னும் ஒரு பை கூட வைக்கவில்லை! உங்கள் பட்டியலில் இந்த ஜோடிக்கு 600 கிலோ மிச்சம் காட்டும்.

மீறினால் என்ன? காரின் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரங்கள்தான் வண்டியை ஓட்டுகின்றன, திருப்புகின்றன, பிரேக்கிலும் அதிகப் பங்கை ஏற்கின்றன. அவற்றின் பிடி குறைவது நல்லதில்லை. சரி, சாமானைக் கேம்பரின் பின்பக்கம் தள்ளிவிட்டால் கொக்கியில் பாரம் குறையுமே என்று தோன்றும். குறையும். கூடவே வேகத்தில் கேம்பர் பாம்பு போல் நெளியத் தொடங்கும். லேசான கார் என்றால் அதையும் சேர்த்து ஆட்டும். உங்கள் கட்டுரையின் படத்திலேயே இரண்டு சைக்கிள்களைக் கேம்பரின் பின்முனையில் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் சைக்கிள்களைக் கட்டவே கூடாது. கனமான சாமான் சக்கர அச்சுக்கு மேலேயோ, சற்று முன்னாலோ இருக்க வேண்டும்.

பிரேக் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேம்பருக்குச் சொந்த பிரேக் இருந்தால் ஒரு வரம்பு, இல்லாவிட்டால் அதைவிட மிகக் குறைந்த வரம்பு என்று காரின் கையேட்டிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்சம். சிறிய கார்களுக்கு அதற்கும் கீழே. மலைப்பாதையில் கியர்பாக்ஸ் கொதிப்பதெல்லாம் தனிக் கதை.

வாசகர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கேம்பரை முழுதாக நிரப்பி எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். காரோடு பூட்டியபடியே கேம்பரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஓர் எடை. பிறகு கழற்றி, கேம்பரின் முன்பக்கத் தாங்குகாலையும் மேடையிலேயே ஊன்றி, கேம்பரை மட்டமாக நிறுத்தி இன்னோர் எடை. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் கொக்கியின் மேல் இறங்கும் பாரம் கிடைத்துவிடும். காரையும் எல்லோரும் உட்கார்ந்தபடி எடை போட்டு, அதன் காலி எடையைக் கழித்து, மிச்சத்தோடு இந்தப் பாரத்தைக் கூட்டுங்கள் (கொக்கிச் சட்டம் காரோடு சேர்ந்தே எடையில் வந்துவிடும்). சுமக்கும் வரம்பு பல கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும்.

அடுத்த முறை அந்தப் பட்டியலை வெளியிடும்போது அதில் இன்னும் மூன்று நெடுவரிசைகள் சேருங்கள்: கார் சுமக்கும் பாரம், கொக்கி தாங்கும் பாரம், பிரேக் இல்லாத டிரெய்லருக்கான வரம்பு. கேம்பரின் காலி எடைக்குப் பதில், தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்ச எடையைப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் அந்தச் சைக்கிள் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கொக்கி மாட்டும் வாசகர் ஒருவர்