சுண்ணாம்புக்கும் உண்டு அந்தச் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலச் சொல் பகுதியில் 'ஸ்லேக்' (slake) என்ற வினைக்கு "தண்ணீர் குடித்தல், வேறு பொருள் இல்லை" என்று போட்டு, "நான் ஒரு டம்ளர் தண்ணீரை ஸ்லேக் செய்தேன்" என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறீர்கள். தண்ணீருக்கே தாகமா? ஸ்லேக் செய்வது, அதாவது தணிப்பது, தாகத்தை; தண்ணீரை அல்ல. தங்களுக்குத் தெரியாததல்ல, பார்க்க நேரம் இருந்திருக்காது.

அதுகூடப் போகட்டும். "வேறு பொருள் இல்லை" என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. என் அப்பா தாராவி தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பி, கொதித்து, உதிர்ந்து மாவாகும். தோலிலிருந்து மயிரைக் கழற்ற அந்தச் சுண்ணாம்புதான் வேண்டும். அவர் விரல்கள் கடைசிவரை வெடித்தே கிடந்தன. நாம் நீற்றுவது என்கிறோமே, ஆங்கிலத்தில் அதுவும் ஸ்லேக்தான். பள்ளி வேதியியலில் வரும் 'ஸ்லேக்டு லைம்' வேறென்ன? 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைக் குடித்து 74 கிராம் ஆகிறது. தாகம் என்றால் அதுவல்லவா தாகம்!

'க்வென்ச்' (quench) என்பதும் இதுவும் ஒன்றே என்று வேறு ஒரு வரி. தாகத்துக்கு இரண்டும் சரி. தீயை அணைக்கவும், பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கவும் க்வென்ச். சுண்ணாம்புக்கு அது வராது. பழிவெறி தீர்வதற்கும் ஸ்லேக் வரும். எனக்கு இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

தாராவி என்றால் உங்களுக்கு மழைத் தண்ணீரும் தீ விபத்தும்தான். ஞாயிறு தேதியிட்ட இதழ் எங்கள் கைக்கு வருவது புதன்கிழமை. மும்பைக்கென்று இரண்டு பக்கம் வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினீர்கள். அப்புறம் அதைக் கேட்டு நான் எழுதிய கடிதத்தில், "அட்டைப்படம் அருமை" என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். நன்றி.

இங்கே ட்யூஷன் பிள்ளைகள் உங்கள் சொல் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் போட்டால் பழையதன்மேல் ஒட்டிக்கொள்ளச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை,
தாராவி, மும்பை