கேப் மே சுற்றுலா: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு நம் தமிழ்ப்பள்ளியின் நான்காம் நிலை முதல் எட்டாம் நிலை வரை படிக்கும் பிள்ளைகளை, அக்டோபர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை கேப் மே ஊருக்கு அழைத்துச் செல்லப் போகிறோம். நியூஜெர்சியின் தென்கோடி. கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையின் மைல் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குவது அங்கேதான். உங்களில் பலர் கோடையில் அந்தக் கடற்கரைக்குப் போய் வந்திருப்பீர்கள். இந்த முறை நாம் கடலுக்காகப் போகவில்லை, வீடுகளைப் பார்க்கப் போகிறோம்.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "பழைய மரவீடுகளைப் பார்க்க இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டுமா, பிலடெல்பியாவில் அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அங்கேயே இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

கேப் மேயில் விக்டோரியா காலத்துக் கட்டடங்கள் சுமார் 600 இருக்கின்றன. இங்கிலாந்தின் விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அமெரிக்காவை அவர் ஆளவில்லை என்றாலும், அந்தக் காலத்துக் கட்டடப் பாணிகளுக்கு இங்கேயும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஓர் ஊரில் இத்தனை கட்டடங்கள் சேர்ந்தாற்போல் பிழைத்திருப்பது சாதாரணமாக நடப்பதில்லை. பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவது அந்தப் பிழைத்த கதையைத்தான்.

1878 நவம்பர் 9-ஆம் தேதி அந்த ஊர் எரிந்தது. ஓஷன் ஹவுஸ் என்ற ஹோட்டலில் பிடித்த நெருப்பு, பலமான காற்றில் ஒரு மரக்கட்டடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போனது. தீயணைக்கும் கருவிகள் கேம்டனிலிருந்து ரயிலில் வந்து சேர வேண்டியிருந்தது. கடற்கரையை ஒட்டிய பெரிய ஹோட்டல்கள் சாம்பலாயின. 1816-இல் தொடங்கப்பட்ட காங்கிரஸ் ஹாலும் அதில் போனது. அடுத்த ஆண்டே அதைச் செங்கல்லில் திரும்பக் கட்டினார்கள். இன்றும் நிற்கிறது. 1891-இல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் கோடைகால அலுவல்களைக் கவனித்தது அங்கிருந்துதான்.

தீக்குப் பிறகு ஊர்க்காரர்கள் எப்படித் திரும்பக் கட்டினார்கள் என்பது முக்கியம். அதற்குள் இன்னொரு கடற்கரை ஊரான அட்லாண்டிக் சிட்டிக்கு ரயில் போய், கூட்டமும் பணமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. கேப் மேயில் முன்பிருந்ததுபோன்ற பிரம்மாண்டமான ஹோட்டல்களுக்குப் பதிலாகச் சிறு விடுதிகளும் கோடைகால வீடுகளும் எழுந்தன, அதுவும் ஊருக்கு ஏற்கெனவே பழகிப்போன பாணியில். அப்புறம் இருபதாம் நூற்றாண்டு வந்தது. மற்ற கடற்கரை ஊர்களில் பழையதை இடித்துப் புதியது கட்டினார்கள். இங்கே இடித்துக் கட்டப் பணமில்லை. கையில் காசில்லாததே பல வீடுகளைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் பாதுகாப்பு என்று அதைச் சொல்ல முடியாது. வண்ணம் உதிர்ந்து, கூரை ஒழுகி, யாரும் கவனிக்காமல் கிடந்தன.

1962 மார்ச்சில் சாம்பல் புதன்கிழமையை ஒட்டி அடித்த புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகுதான் நகரப் புதுப்பிப்புத் திட்டத்தின் பணம் வந்தது. அந்தப் பணத்தில் எதைச் சீர்செய்வது, எதை இடிப்பது என்ற சண்டையும் கூடவே வந்தது. வாஷிங்டன் தெருவில் எம்லன் ஃபிசிக் என்பவர் 1879-இல் கட்டிய பெரிய வீடு பாழடைந்து கிடந்தது. அதை இடித்துவிட்டுப் புதுக் குடியிருப்பு கட்டத் திட்டம் போட்டார்கள். 1970-இல் ஊர்க்காரர்கள் சிலர் அதைத் தடுக்கவென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான புரூஸ் மினிக்ஸ் இரண்டே ஆண்டுகளில் நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீடு தப்பியது. 1976-இல் ஊர் முழுவதுமே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஊரில் எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லப் போவதில்லை. தன் வீட்டை எப்படி மாற்ற வேண்டும் என்பதில் மற்றவர்கள் தலையிடுவதா என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். இன்றும் அங்கே வீட்டின் வெளிப்புறத்தில் மாற்றம் செய்ய வேண்டுமானால் நகர ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். உப்புக்காற்றில் மரவீட்டின் வண்ணம் நிற்காது. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவு வீட்டுக்காரருடையது. ஏழாம், எட்டாம் நிலைப் பிள்ளைகளை இதைப் பற்றித்தான் தமிழில் வாதாட வைக்கப் போகிறோம். ஒரு பக்கம் வீட்டுச் சொந்தக்காரர், இன்னொரு பக்கம் ஊர். இதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. ஊரின் பக்கம்தான் நான். இருந்தாலும் பிள்ளைகள் பேசி முடிக்கும்வரை அதைச் சொல்ல மாட்டேன்.

காலையில் முதலில் ஃபிசிக் வீட்டுக்குப் போகிறோம். வழிகாட்டியோடு உள்ளே பார்க்க முன்பதிவு செய்தாயிற்று. பதினெட்டு அறைகள் கொண்ட வீடு. பிலடெல்பியாவின் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க் ஃபர்னஸ் வடிவமைத்தது என்று கருதப்படுகிறது. எம்லன் ஃபிசிக் மருத்துவம் படித்தவர், ஆனால் ஒருநாளும் தொழில் பார்த்ததில்லை. தாயாரோடும் கல்யாணமாகாத சித்தியோடும் அந்த வீட்டில் வாழ்ந்தார். அவருடைய தாத்தா ஃபிலிப் சிங் ஃபிசிக், அமெரிக்க அறுவை சிகிச்சையின் தந்தை என்று அழைக்கப்படுபவர். உள்ளே போகும் முன் பிள்ளைகளை வெளியே ஒரு பத்து நிமிடம் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். அந்த வீட்டின் புகைபோக்கிகள் கீழே குறுகி, மேலே போகப்போக அகன்றிருக்கும். தலைகீழாகக் கட்டிவிட்டார்களோ என்று தோன்றும். வெளிச்சுவரில் பலகைகளுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் ஓடும். சுவருக்குள் மறைந்திருக்கும் எலும்புக்கூட்டை வெளியே வரைந்து காட்டுவதுபோல அமைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை தானாக இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் அந்த நாள் எனக்குப் போதும்.

அடுத்தது தெருக்கள். கூரை விளிம்பிலும் தாழ்வாரத் தூண்களின் மேலேயும் பின்னல் வேலை மாதிரி மரத்தில் வெட்டிய அலங்காரங்களைப் பார்ப்பீர்கள். ஊரில் இதை ஜிஞ்சர்பிரெட் என்கிறார்கள். தச்சர் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் செதுக்கியது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். உண்மையில் பெரும்பாலானவை நீராவியில் ஓடிய மெல்லிய ரம்பங்கள் அறுத்துத் தள்ளியவை. இயந்திரம் வந்ததும் அலங்காரம் மலிவானது. பெரும் பணக்காரர்கள் மட்டுமே வைத்துக்கொண்டிருந்த ஆடம்பரம் கோடையில் வாடகைக்கு விடும் வீட்டுக்கும் வந்துவிட்டது. சில வீடுகளின் உச்சியில் சின்னச் சதுரக் கோபுரம் ஒன்று இருக்கும், நான்கு பக்கமும் ஜன்னல்களோடு. அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. கோடையில் அந்த ஜன்னல்களைத் திறந்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும், கீழே கடல்காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலம்.

கர்னி தெருவில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக வீடுகள் நிற்கின்றன. அருகில் இருந்த மிகப்பெரிய ஸ்டாக்டன் ஹோட்டல் இடிக்கப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. வீடுகள் மட்டும் இருக்கின்றன. வண்ணம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. நான்காம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு இங்கேதான் வேலை. ஆளுக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, எதிர்த் தெருவோரம் உட்கார்ந்து பென்சிலால் வரைய வேண்டும். அப்புறம் அந்த வீட்டைப் பற்றித் தமிழில் எட்டு வாக்கியங்கள். பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டாயம் எழுத வேண்டும். வரைந்து முடிக்கும்வரை செல்பேசியில் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். கூட வரும் பெரியவர்களும் இதைக் கடைப்பிடித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஹோவர்ட் தெருவில் சால்ஃபான்ட் ஹோட்டலையும் பார்க்கலாம். 1876-இல் கட்டியது, பெருந்தீயில் தப்பியது. அதன் நீளமான தாழ்வாரங்களைப் பார்க்கும்போது நம் ஊர்த் திண்ணை உங்களுக்குக் கட்டாயம் நினைவுக்கு வரும். வேலை முடிந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசும் இடம். அதைக் கட்டிய ஹென்றி சாயரின் கதையைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் கேப்டனாக இருந்தவர். 1863-இல் ரிச்மண்டில் சிறைப்பட்டிருந்தபோது, பழிக்குப் பழியாகத் தூக்கிலிடுவதற்குக் கைதிகளிடையே சீட்டுக் குலுக்கினார்கள். அதில் இவர் பெயர் வந்தது. வடக்கிடம் கைதியாக இருந்த, தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீயின் மகனுக்கும் அதே கதிதான் என்று லிங்கன் அரசு எச்சரித்தது. கடைசியில் இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். உயிரோடு திரும்பி வந்தவர் கட்டிய ஹோட்டல் அது.

மதியத்துக்குப் பிறகு பார்க்கப்போகும் இடங்கள் அழகு வீடுகள் அல்ல. ஆனால் அவற்றை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப நான் தயாராக இல்லை. லஃபாயெட் தெருவில் ஹேரியட் டப்மன் அருங்காட்சியகம் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, மற்றவர்களையும் மீட்டு வந்த டப்மன், 1852 கோடையில் கேப் மேயில் வேலை செய்து அதற்கான பணம் சேர்த்தார். அதே தெருவில் ஸ்டீபன் ஸ்மித்தின் கோடைகால வீடு. அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, மரமும் நிலக்கரியும் விற்றுச் செல்வந்தரானவர், அடிமை ஒழிப்புக்காக உழைத்தவர். 1846-இல் கட்டிய எளிய வீடு. கொஞ்ச தூரத்தில், 1920-களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாகக் கட்டிய ஃபிராங்க்ளின் தெருப் பள்ளி. இப்போது அது பொது நூலகம். நகரப் புதுப்பிப்பின் பெயரில் விக்டோரியா வீடுகளுக்குப் பணம் வந்த அதே காலத்தில், இந்தப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள் பல இடிக்கப்பட்டன. எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சிறியவர்களுக்கு அவர்களுக்குப் புரியும் அளவில் சொல்வோம். பெரியவர்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை.

நேரம் மிஞ்சினால் கலங்கரை விளக்கம். 1859-இல் கட்டியது, 199 படிகள். ஏறுவதும் ஏறாததும் அவரவர் விருப்பம்.

இனி நடைமுறை விவரங்கள். பஸ் காலை 6.45-க்குப் பள்ளி வளாகத்திலிருந்து புறப்படும், இரவு 7.30-க்குள் திரும்பிவிடும். மதியச் சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்துதான். புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி எதுவானாலும் சரி, நிலக்கடலையும் முந்திரியும் மட்டும் வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ரோட்டரி பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குப்பைக்குப் பை நாங்கள் கொண்டுவருகிறோம். நிறைய நடக்க வேண்டியிருக்கும், அதனால் பழகிய காலணி போட்டு அனுப்புங்கள். அக்டோபரிலும் அங்கே கடல்காற்று குளிரும், ஒரு ஜாக்கெட் அவசியம். கோடிட்ட நோட்டு, பென்சில், அழிப்பான் போதும். வண்ணப் பென்சில்களைப் பள்ளியே தரும்.

ஒரு முக்கியமான வேண்டுகோள். நாம் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அல்லது விருந்தினர்கள் தங்கியிருக்கிறார்கள். தாழ்வாரத்தில் ஏறுவது, ஊஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது, வேலிக்குள் கையை நீட்டுவது இதெல்லாம் கூடாது என்று வீட்டிலேயே ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். நாங்களும் சொல்வோம்.

எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் பெற்றோர் துணை தேவைப்படுகிறது. வர விரும்புகிறவர்கள் அனுமதிப் படிவத்தின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். தாத்தா பாட்டிகள் ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் தாராளமாக அழைத்து வரலாம். அவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் பஸ்ஸில் பேசினால், திரும்பி வந்து எழுதப்போகும் கட்டுரைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒரு கார் தனியாக வருகிறது.

கையொப்பமிட்ட படிவமும் கட்டணமும் செப்டம்பர் கடைசி ஞாயிறு வகுப்புக்குள் வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும். கட்டணம் சிரமமாக இருந்தால் என்னிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, பிள்ளை கட்டாயம் வர வேண்டும். மருந்து எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளின் விவரத்தைப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதி, மருந்தைப் பெயரிட்ட உறையில் போட்டுப் புறப்படும் காலையில் வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்