காருக்கு இடம் கேட்கிறீர்கள், குழந்தைக்கு?

திட்ட அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கான விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், தீயணைப்பு வண்டி திரும்ப இடம் உண்டா, எத்தனை கார்கள் நிற்கும் என்றெல்லாம் கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். அங்கே குடிவரும் பிள்ளைகள் எந்த வகுப்பறையில் உட்காருவார்கள் என்பதையும் அதே மேசையில் கேளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஒரு பள்ளி எப்படி நிரம்பி வழிகிறது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவன். முதலில் பறிபோவது நூலகம். புத்தகங்களை மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு அங்கே நான்காம் வகுப்பின் புதுப் பிரிவைத் தொடங்கினோம். அடுத்த ஆண்டு ஆய்வகம் போனது. பிறகு விளையாட்டுத் திடலில் தகரக் கூரை எழுந்தது. கழிப்பறைகள் மட்டும் கூடவில்லை. வரிசையில் நிற்க அஞ்சி, மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிய சிறுமிகள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்த முகங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வரப்போகும் பிள்ளைகளை முன்கூட்டியே கணக்கிட முடியாது என்று சொல்லாதீர்கள். ஓர் அறை வீடுகள் எத்தனை, மூன்று அறை வீடுகள் எத்தனை என்பது வரைபடத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே குடியேறிய வீடுகளின் பள்ளிச் சேர்க்கையோடு அதை ஒப்பிட்டால் நம்பகமான மதிப்பீடு கிடைக்கும். ஆனால் பள்ளியின் மொத்தக் காலியிடத்தைக் காட்டி ஒப்பேற்றக் கூடாது. பத்தாம் வகுப்பில் காலியாக உள்ள இருக்கை, ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு உதவாது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்த்தால் எல்லாமே சிறியவைதாம். ஒரே பள்ளியை நம்பி அனுமதி பெற்ற அத்தனை திட்டங்களையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

கட்டுமானத்தையே நிறுத்தச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மான்ட்கமரி மாவட்டம், பள்ளிகள் கொள்ளளவில் 120 சதவீதத்தைத் தாண்டிய பகுதிகளில் புதிய குடியிருப்பு அனுமதிகளை நிறுத்திவைத்தது. பழைய வீடுகள் கைமாறி இளம் குடும்பங்கள் குடிவருவதாலும் சேர்க்கை கூடுகிறது. தடையால் அதைத் தடுக்க முடியவில்லை, வீட்டுப் பற்றாக்குறைதான் மிஞ்சுகிறது என்ற வாதம் வலுத்தது. 2020இல் தானாக அமலாகும் அந்தத் தடையைக் கைவிட்டு, நெரிசல் மிகுந்த பகுதிகளில் கட்டுவோர் கூடுதல் கட்டணம் செலுத்தும் முறைக்கு மாறினார்கள். வீடு தேடும் குடும்பமும் நம் குடும்பம்தான். அதை வாசலில் நிறுத்துவது எனக்கும் உடன்பாடில்லை.

கட்டணம் மட்டும் போதாது. பொது நிதியில் கலந்த பணம் சாலைக்கும் விளக்குக்கும் கரைந்துவிடும்; அதைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தப் பகுதிப் பள்ளிக்கே செலவிட வேண்டும். பெரிய திட்டமானால் பள்ளிக்கான நிலத்தை அனுமதியின்போதே எழுதி வாங்குங்கள். வீடுகள் எழும்பிய பிறகு அங்கே அரைக் காணி தேடுவதும் வீண் அலைச்சல். கட்டடத்தோடு ஆசிரியர் பணியிடங்களுக்கும் ஒப்புதல் வேண்டும் என்பதால், கல்வித் துறையின் எழுத்துபூர்வமான கருத்தைப் பெறாமல் கையெழுத்திடாதீர்கள். குடியிருப்பு பல கட்டங்களாக எழுவதென்றால், முதல் கட்டத்துக்கான வகுப்பறைகள் தயாரான பிறகே இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கொடுங்கள்.

இப்போது உங்கள் பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பங்களிலிருந்தே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்